தகட்டில் ஏறாத எட்டு வரி

எடின்பரோவில் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அன்பளிப்பு கொடுக்க வேண்டுமென்றால் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். கையுறை, கைக்குட்டை, இல்லையென்றால் 'ஆர்னட் வீட்டு மகள்' என்ற கதைப்பாட்டுப் புத்தகம். கிரிசல் லோகனிடம் அந்தப் புத்தகம் மட்டும் ஏழு இருந்தது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்ததற்காக ஒன்று, பக்கத்து அறைக்காரி கல்யாணமாகிப் போகும்போது கொடுத்தது ஒன்று, நோயாளி ஒருத்திக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததற்காக அவளுடைய அண்ணன் கொடுத்தது ஒன்று. மற்றவை யார் தலையில் கட்டியவை என்று அவளுக்கே மறந்துவிட்டது. நீலத் துணி அட்டை, பஞ்சு வைத்துத் தைத்த தோல் அட்டை, பொன் விளிம்பு, பைக்குள் அடங்கும் சின்னப் பதிப்பு என்று விதவிதமாக இருந்தன. ஏழையும் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தந்தப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைப்பாள்.

அவளுக்குப் புத்தகம் பிடிக்காமல் இல்லை. அந்தப் புத்தகத்தின் நூற்றுப் பதினோராம் பக்கம் பிடிக்காது. அங்கே எட்டு வரி இருந்திருக்க வேண்டும். எந்தப் பதிப்பிலும் இல்லை. இல்லாமல் போனதற்கு அவள்தான் காரணம். இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் வருஷம் அவளுக்கு இருபத்து நாலு வயது. கார்ஸ்டேர்ஸ் அச்சகத்தில் பிரதி வாசிப்பவளாக வேலை. அதாவது, மெய்ப்புத் திருத்துகிறவர் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவள் எதிரே உட்கார்ந்து, எழுதியவருடைய கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பாள். சொல்லை மட்டும் அல்ல, கமா, புள்ளி, பெரிய எழுத்து, புது வரி எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். அவர் கண் தாளில் இருக்கும், காது இவளிடம் இருக்கும். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போனால் பக்கம் சரி.

திருத்துகிறவர் ஆர்ச்சிபால்ட் கின்னியர். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், அக்கா பெதியாவோடு கௌகேட் தெருப் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சங்கீதம், அதாவது பைபிள் பாட்டு, எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். எங்கள் ஊர்க் கோயில்களில் அப்போது வாத்தியம் கிடையாது. ஒரு ஆள் எழுந்து நின்று, இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, சுருதியைப் பிடித்து முதல் வரியை எடுக்க வேண்டும். பிறகு முந்நூறு பேர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பதினெட்டு வருஷம் கின்னியர் எடுத்துக் கொடுத்தார். ஒரு நாளும் சுருதி பிசகியதில்லை என்று, அவரைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள்.

பிடிக்காதவர்கள் அச்சகத்திலேயே இருந்தார்கள். அச்சு எழுத்துக் கோப்பவர்கள் கிரிசலையும் மற்றப் பெண்களையும் ஜாடை பேசிச் சிரிக்கும்போது கின்னியர் திரும்பிப் பார்க்க மாட்டார், பதிலும் சொல்ல மாட்டார். அதனால் அவருக்குக் காது மந்தம் என்று ஒரு கேலி கிளம்பியிருந்தது. யாரோ ஆரம்பித்து வைத்தது ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. மந்தம் என்று நினைத்தால் தன்னிடம் வம்புக்கு வர மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

கிரிசலிடம் அவர் அதிகம் பேசியதில்லை. அவள் குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுருதியைக் கொஞ்சம் இறக்கு, பொண்ணே. சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்ல" என்பார். அவள் இறக்குவாள். அந்த அச்சகத்தில் அவளிடம் மரியாதையாகப் பேசிய ஆண் அவர் ஒருவர்தான்.

மெல்ட்ரம் என்ற கிராமத்துப் பாதிரியார் சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி போடக் கொடுத்த புத்தகம்தான் 'ஆர்னட் வீட்டு மகள்'. கதை பெரிதாக ஒன்றுமில்லை. லிலியஸ் என்ற பெண் அப்பா பேச்சை மீறி ஒருவனோடு போகிறாள். அவன் கைவிடுகிறான். ஏழு வருஷம் ஊர் ஊராய் அலைந்து வீடு திரும்புகிறாள். வாசலுக்கு வரும்போது அப்பாவின் சவப்பெட்டி வெளியே வருகிறது. அதோடு கதை முடிகிறது. ஆனால் பாதிரியார் கடைசி நேரத்தில் எட்டு வரி சேர்த்திருந்தார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, கையெழுத்துப் பிரதியில் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தார். செத்துக்கொண்டிருக்கும் அப்பா வேலைக்காரியிடம் சொல்வது அது. கதவுக்குத் தாழ் போடாதே, அவள் வந்தால் எங்கே போனாய் என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள். அவ்வளவுதான் அந்த எட்டு வரி.

கிரிசல் அந்தச் சீட்டைப் பிரித்த நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு மூன்று வாரம் முன்புதான் சொந்த ஊர்ப் பக்கமான ஃபைஃபில் அவளுடைய அப்பா செத்திருந்தார். அவளும் வீட்டை விட்டு வந்தவள்தான். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றவன் எடின்பரோ ரயில் நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவன், போனவன்தான். அப்பாவுக்கு அவள் எழுதிய நாலு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. சாவுக்குப் போனபோது அண்ணன் அவளை வாசலோடு நிறுத்தி, அப்பா கடைசிவரை உன் பேரையே எடுக்கவில்லை என்றான்.

சீட்டை அவள் மனதுக்குள் ஒரு முறை வாசித்தாள். வாய் திறக்கவில்லை. தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. எதிரே கின்னியர் பென்சிலோடு காத்திருந்தார். இந்த எட்டு வரியையும் கமா, புள்ளியோடு இவர் முன்னால் வாசித்தால் உடைந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்தது. வாசிக்கவில்லை என்றால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தாள். அச்சில்தான் இருக்குமே, அவர் கண்ணில் படுமே, பட்டால் அவரே கேட்பாரே. சீட்டை மடித்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

எழுத்துக் கோத்தவனோ, அந்தச் சீட்டு அச்சகத்துக்கு எழுதிய குறிப்பு என்று நினைத்துப் பிரிக்கவே இல்லை. அதனால் அச்சிலும் அந்த எட்டு வரி இல்லை. கின்னியர் காதிலும் விழவில்லை, கண்ணிலும் படவில்லை. இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போயின. பக்கம் சரி என்று அவர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கங்களை அச்சு எடுத்து ஈயத் தகடாக வார்த்துவிட்டார்கள். தகட்டில் ஏறினால் ஏறியதுதான். பிறகு ஒரு வரி நுழைக்க வேண்டுமென்றால் மிச்சமுள்ள பக்கம் எல்லாவற்றையும் புதிதாய் வார்க்க வேண்டும்.

புத்தகம் வந்த ஆறாம் நாள் பாதிரியாரின் கடிதம் வந்தது. மேலாளர் ஸ்டோடார்ட் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு திருத்தும் அறைக்கே வந்துவிட்டார். குண்டூசியோடு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். கோத்தவன் விட்டது தெரிகிறது, கோப்பவன் விடுவான், அதைப் பிடிக்கத்தானே ஓய் நீர் உட்கார்ந்திருக்கிறீர் என்று கின்னியரைக் கேட்டார். பிறகு கிரிசல் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சீட்டை நீ வாசிச்சியா?"

வாசலில் நாலைந்து கோப்பவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லக் காத்திருந்த முகங்கள். கிரிசலுக்கு வாடகை அறையும் இந்த வேலையும் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. ஃபைஃபில் கதவும் மூடியாகிவிட்டது.

"வாசிச்சேன்" என்றாள்.

கின்னியர் அவளைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் கடைசிவரை வாட்டியது. தன்னையே சந்தேகப்படுகிறவர் பார்க்கிற பார்வை அது.

"அவ வாசிச்சேன்னு சொன்னா வாசிச்சிருப்பா. ஒரு கமாவைக்கூட விட்டவ இல்ல. என் காதுதான் போல இருக்கு, மிஸ்டர் ஸ்டோடார்ட். எல்லாரும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க, நான்தான் கேக்கல" என்றார்.

அன்று மத்தியானமே அவர் வேலை போயிற்று. எங்கள் அச்சுத் தொழிலில் ஒருவர் நல்லபடியாகக் கிளம்பினால் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்துத் தட்டி வழியனுப்புவார்கள். சுத்தியல், சட்டம், இரும்புக் கம்பி, எதுவானாலும் சரி. அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கின்னியர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனபோது ஒருவனும் தட்டவில்லை. அவர் படி இறங்குகிற ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது.

வேலை போனதைக்கூட அவர் தாங்கியிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயில் பெரியவர்களிடம் போய், காது மந்தமாகிவிட்டது, சுருதி பிசகிச் சபையைக் கெடுப்பதற்கு முன்னால் நானே விலகிக்கொள்கிறேன் என்றார். அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். இப்போதுகூட நன்றாகத்தானே பாடுகிறீர் என்றார்கள். தன் காதைத் தான் நம்பாத மனுஷனிடம் மற்றவர்கள் சொல்வது எடுபடுமா? அன்று முதல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. பாடுகிறவர் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

ஊரில் வேறு எந்த அச்சகமும் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு பத்தியையே முழுங்கிய ஆள் என்று பேர் ஆகிவிட்டது. ஏல விளம்பரம், விதைக்கடை விலைப்பட்டியல் என்று துண்டு துண்டாக வேலை வாங்கி, வீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பிரதியில் ஒரு விரலும் தாளில் ஒரு விரலும் வைத்து வரிவரியாய்க் கண்ணாலேயே ஒத்துப் பார்த்தார். எதிரே ஆள் வைத்து வாசிக்கச் சொல்லவே இல்லை.

இப்போது அந்தப் புத்தகத்தின் அதிர்ஷ்டத்தைக் கேளுங்கள். வயிறு எரியும். பாதிரியார் கத்திய கத்தில் அச்சகம் பாதித் தொகையைத் தள்ளிக் கொடுத்தது. தகடுகளை ஒரு வெளியீட்டாளர் வாங்கினார். நீலத் துணி அட்டை போட்டு மலிவாக விட்டார். வாசித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப்போனாரே, அந்தப் பெண் வாசலில் நிற்கிறாளே என்று கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. பாதிரியார் விட்டுப்போன எட்டு வரியைச் சேர்க்கச் சொன்னபோது வெளியீட்டாளர் அந்தக் கடிதக் கட்டைக் காட்டினாராம். மன்னிப்பு இல்லாமல் இருப்பதால்தான் ஐயா விற்கிறது, தகட்டில் கை வைக்காதீர் என்றாராம். பாதிரியார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு சரி என்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் கடற்கரை ஓரம் வீடு கட்டினார்.

அதற்குப் பிறகு அது ஒரு வியாதி மாதிரி பரவியது. பள்ளிக்கூடப் பரிசு, கல்யாணப் பரிசு, படம் போட்ட பெரிய பதிப்பு, பிறந்தநாள் நாட்குறிப்பில் வரி வரியாய்ப் பிய்த்துப் போட்ட பதிப்பு. அமெரிக்காவில் யாரிடமும் கேட்காமல் ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்கள். அப்பாவின் மௌனம்தான் இந்தப் பாட்டின் சிகரம் என்று ஒரு பத்திரிகையில் ஒருவர் மூன்று பக்கம் எழுதினார். அந்த மௌனத்துக்குக் காரணம் ஒரு குண்டூசியும் ஒரு பெண்ணின் அடைத்த தொண்டையும் என்று அவருக்கு யார் சொல்வது? தாள் மடிக்கும் பெண் ஒருத்தி வேலை நடுவில் அதை வாசித்து அழுதுகொண்டிருந்தாள். எங்க அப்பாவும் இப்படித்தான் மிஸ் லோகன், செத்தாலும் பேச மாட்டார் என்றாள். இல்லை, அந்த அப்பா பேசினார் என்று சொல்லக் கிரிசலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. எந்த அப்பனும் மன்னிக்க மாட்டான் என்று ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்தவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அவள் கின்னியர் வீட்டுக்குப் போனாள். ஊர் வழக்கப்படி, அந்த வீட்டு அடுப்பு வருஷம் முழுக்க அணையாதிருக்க என்று ஒரு துண்டு நிலக்கரியும் பழக் கேக்கும் எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் மூன்று மாடி ஏறுவாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். குரலைக் கெடுத்துக்கொள்ளாமல் வாசிக்கிறாயா என்று விசாரிப்பார். பெதியா டீ கொடுப்பாள். கேக்கை வெட்டுவார்கள். அவள் இறங்கி வந்துவிடுவாள். முதல் சில வருஷம் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற வெட்கம். ஒவ்வொரு வருஷமும் அந்த வெட்கம் ஒரு வருஷம் மூத்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில் அவளுடைய கேள்விக்கு அவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். காய்ச்சல் ஒன்று வந்து போனதில் காது உண்மையாகவே போய்விட்டது என்று பெதியா சொன்னாள். அடுத்த வருஷம் மேசைமேல் ஒரு சிலேட்டு வந்திருந்தது. வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுதினார்கள். கிரிசல் வருஷா வருஷம் வாழ்த்து மட்டும் எழுதினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியை மூக்கோடு வைத்தால்தான் தெரிந்தது. வேலையை விட்டாள். அதற்குள் 'ஆர்னட் வீட்டு மகள்' தள்ளுவண்டிக்கு வந்துவிட்டிருந்தது. எதை எடுத்தாலும் ஒரு பென்னி என்று போட்டிருந்த குவியலில் பொன் விளிம்போடு கிடந்தது. புதிதாக வந்த தலைமுறைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. அச்சகம் தேய்ந்த தகடுகளைத் திரும்ப வாங்கி உருக்கப் போட்டிருந்தது. கிரிசல் கிளம்பிய அன்று பெண்கள் எல்லோரும் கூடித் தட்டி வழியனுப்பினார்கள். மூலையில் உருக்குவதற்கு அடுக்கி வைத்திருந்த தகடுகளை எடுத்துத்தான் தட்டினார்கள். என்ன தகடு என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. காது கிழிகிற சத்தம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதே படியில் ஒரு மனுஷன் சத்தமில்லாமல் இறங்கிப் போனது அவள் கண்முன் வந்தது. அவர்கள் கொடுத்த பூங்கொத்தை வாசலிலேயே வைத்துவிட்டு நேரே கௌகேட்டுக்கு நடந்தாள்.

பெதியாதான் கதவைத் திறந்தாள். வருஷப் பிறப்பு இல்லாத நாளில் இவளைக் கண்டதும் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். கின்னியர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. கிரிசல் சிலேட்டை எடுத்து நின்றுகொண்டே எழுதினாள். 'அந்தச் சீட்டை நான் வாசிக்கவில்லை. பொய் சொன்னேன். அப்போது உங்கள் காது நன்றாக இருந்தது.'

அவர் மெய்ப்புத் திருத்துகிறவர் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். ஒவ்வொரு சொல்லின்மேலும் விரல் வைத்து வாசித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"வாசிக்கலையா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் சிலேட்டைப் பெதியா பக்கம் நீட்டினார். எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது எந்த வருஷம் என்று கேட்டார். பெதியா சிலேட்டின் மூலையில் எழுதினாள். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பதிமூணு வருஷம்" என்றார். "பதிமூணு வருஷம் நல்ல காதை வச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன்."

கிரிசல் அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். இசைக்கவை துருப்பிடிக்காமல் இருந்தது. துடைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார். முழங்காலில் தட்டிக் காதருகே கொண்டுபோனார், பிறகு நினைவு வந்தவராய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடி அந்த அதிர்வைக் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பழைய சங்கீதத்தின் முதல் வரியை எடுத்தார்.

குரல் எங்கோ கீழே போய் விழுந்தது. மேலே ஏறப் பார்த்து வழுக்கியது. மெட்டும் இல்லை, சுருதியும் இல்லை. அவர் மட்டும் கோயிலில் நின்ற மாதிரியே நின்று, வரியை முழுக்கப் பாடி முடித்தார். பெதியா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்து கிரிசலைக் கேட்டார்.

"சுருதி சேர்ந்துச்சா?"

பெதியா அவருக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று சொல் என்று தலையால் ஜாடை காட்டினாள். தலையை ஒரு முறை மேலும் கீழும் ஆட்டினால் போதும். கிரிசல் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளை நம்பிய அதே முகம். இல்லை என்று தலையசைத்தாள்.

"சரி" என்றார் அவர். கவையைப் பெட்டியில் வைத்து மூடினார். "இப்ப நீ சொல்றத நம்புறேன். போயிட்டு வா, பொண்ணே."

வாசல் வரை பெதியா வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு சுலபமா வந்துச்சே ஒரு பொய். இன்னைக்கு அந்தக் கிழவனுக்காக ஒண்ணு சொல்ல உனக்கு மனசு வரலையா?" என்று கேட்டாள்.

கிரிசல் படிக்குத் திரும்பினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மங்கலாய்த் தெரிந்த படிகளைக் காலால் துழாவித் துழாவி இறங்கினாள். இரண்டாம் மாடி திரும்பும்போது மேலே தாழ் போடுகிற சத்தம் கேட்டது. கண் போனாலும் அவளுக்குக் காது நன்றாகவே இருந்தது.